தலைமாட்டில் ஒரு கால்

— நீ போட்டுக் குடுத்தா நான் விசா கேன்சல் ஆயி ஊருக்குப் போயிருவேன்னு நெனச்சேல்லா? இப்பப் பெட்டி கட்டுதது யாருல? நீயா, நானா?

— நானுங்ண்ணா. கண்ணு தெரியுதல்லங், நாந்தான் கட்டீட்டு இருக்கறேன்.

— ஜெபல் அலில நல்ல கேம்பாம். ஏசி எல்லாம் புதுசாம். அங்க எவன் தலைமாட்டுலயாவது கால நீட்டிப் படுத்து ஒதச்சுக்கோ.

— உங்களயாட்டம் ஒருத்தரு அங்கயும் கெடைக்காமயா போயிருவாரு.

— பேச்சப் பாரு. ஏல பாலகுரு, இந்த ரூமுக்கு வந்த நாள்லருந்து ஒன் கால்மாட்டுல என் தலைமாடு. கட்டிலும் கட்டிலும் இடிச்சுக்கிட்டுக் கெடக்கு, அது என் தலவிதி. கண்ண மூடுனா ஒதை. பொரண்டா ஒதை. எங்கய்யா கூட என்னைய இந்த ஒதை ஒதச்சதில்ல. ஒருத்தன் தலையில காலு படலாமால? சோறு திங்குதவன் செய்யுத வேலையா இது?

— தலையில ஒரு நாளும் பட்டதில்லீங். கட்டில் கம்பியிலதான் ஒதைப்பேன். கம்பி ஆடுனா நீங்க முழிச்சுக்குவீங்.

— முழிச்சுக்கிடுதேன்லா? அப்ப நான் எப்பல தூங்க? ராத்திரி பூரா நீ எழுப்பிவிடுத, பகல்ல எனக்குக் கண்ணு சொக்குது. சேப்டி ஆபீசர் விஜயபாஸ்கர் சார்கிட்ட நான் இதத்தான் சொன்னேன். மனுசனுக்குச் சட்டுனு புரிஞ்சுது. பாலகுருவ வேற கேம்புக்கு மாத்திட்டா மாயாண்டி ஒழுங்கா வண்டி ஓட்டுவான்னு எழுதிட்டாரு.

— நான் சொன்னதும் அவருகிட்ட இருக்குதுங். மலையிலிருந்து கல்லு ஏத்தீட்டு எறங்கறப்ப ஸ்டீரிங்கு மேல தலய வெச்சு ஒறங்கறீங்கன்னு சொன்னேன். கல்லு ஒடைக்கற கிரஷர் வாயில கொட்டறதுக்கு ரிவர்ஸ் எடுக்கறப்ப, பின்னால நின்னு நான் விசில் ஊதறது உங்க காதுல விழுகறதில்லைன்னு சொன்னேன்.

— பிரேக்குல! எத்தன மட்டம் சொல்லுதேன், அன்னைக்குப் பிடிக்காமப் போனது பிரேக்கு!

— பிரேக்குன்னா மெக்கானிக்கு பாத்திருப்பானல்லங். அவன் அக்குவேற ஆணிவேறயாக் கழட்டிப் பாத்துப்போட்டு ஒண்ணுமில்லைன்னுட்டான். நான் மட்டும் அன்னைக்கு அக்கட்ட எகிறிக் குதிக்கலைன்னா, இன்னைக்குப் பொட்டி நான் கட்டிட்டு இருக்க மாட்டேனுங். என்னயப் பொட்டியில போட்டுக் கட்டி ஊருக்குத் தாட்டி உட்டிருப்பீங்க.

— வாயக் கழுவுல! குதிச்சேல்லா? உசுரோட இருக்கேல்லா? பெறவு என்ன? அதுக்காவ ஆபீசுல போயி ஒப்பிச்சு, என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ராத்திரி பூரா இந்தக் கட்டில்லயே மூக்குல குழாயும் விரல்ல கிளிப்பும் மாட்டிக்கிட்டுப் படுக்க வச்சு... ரூமுல இருக்குத பாகிஸ்தான் பட்டாணிப் பயலுவல்லாம் என்னையப் பாத்துச் சிரிச்சானுவ. நம்ம ஊர்க்காரனுக்கு நம்ம ஊர்க்காரன் செய்யுத வேலையா இது?

— சொல்லாம உங்க டம்பர் லாரிக்கு அடியில போயிப் பாய விரிச்சுப் படுத்துக்கோணுங்களா?

— அந்த டெஸ்ட்டு என்ன சொல்லிச்சு? ஒன் வாயால சொல்லு.

— சீக்கு இல்லைன்னு சொல்லிச்சுங்.

— என்ன? கேக்கல.

— ஒண்ணும் இல்லைன்னு சொல்லிச்சுங்! போதுங்களா?

— ஆங், அப்படிச் சொல்லு. மாயாண்டிக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குத நோவு கெடையாது. மிஸ்ரி டாக்டரு சொல்லிட்டாரு, எகிப்துலருந்து வந்த பெரிய டாக்டரு. நாளைக்குச் சனிக்கெழம விடிஞ்சதும் மலைக்கு வண்டி ஏத்துதேன். நீ ஜெபல் அலில எவன் மூட்டையவாவது எண்ணிக்கிட்டுக் கெட.

— டாக்டருக்கு என்னங் தெரியும், அவரா இங்க வந்து உங்க கூட ஒறங்கறாரு? நான் பாக்கறனல்லங். குறட்டை ஏறி ஏறி வரும், பொசுக்குனு நிக்கும். நெஞ்சு மட்டும் ஏறி எறங்கும், காத்து உள்ள போகாது. ஒதடு கருத்துப் போயிரும்.

— மூச்சு நின்னா நான் ஏம்ல இன்னும் சாவல?

— அதான் நான் ஒதைக்கறனல்லங்!

— ஓஹோ! அப்ப எனக்கு எமன் வராமக் காவல் காத்தவரு நீருதானா? ஒம்ம காலுக்கு ஒரு கோயிலக் கட்டிச் சூடம் ஏத்தட்டுமா?

— நக்கல் வேண்டாமுங். குறட்டை உட்டீங்கன்னு நான் ஒரு நாளும் ஒதச்சதில்லை. நீங்க குறட்டை உட்டா நான் நிம்மதியா ஒறங்குவேன். அது நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும். நின்னாத்தான் ஒதைப்பேன்.

— நல்லாக் கத கட்டுத. ஒதைக்கிறதும் ஒதச்சுப்போட்டு, அதுக்கு ஒரு தருமக் கணக்கு வேற. பேச்சுல மட்டும் மூச்சுக்கு மூச்சு ங் ங்னு மரியாத. இந்தக் கோபிக்காரன் மரியாதய நம்புனவன் நடுத்தெருவுலதான் நிப்பான்.

— ஊரப் பத்திப் பேசாதீங்க. வாயில கெட்டது வந்துரும்.

— வரட்டும்ல! வந்தாத் தெரியும் ஒன் மரியாத!

— யா அல்லா! என்னப்பா, வாசல் கேட்டு வரைக்கும் கேக்குது ஒங்க சத்தம்? வெள்ளிக்கிழமையும் அதுவுமா! மாயாண்டிங்கிறது நீங்கதானே? கிளினிக்ல இருந்து மஹ்மூது. டெஸ்ட்டு அன்னைக்கு நாந்தானே வந்து ஒங்களுக்கு எல்லாத்தையும் மாட்டிவிட்டேன்.

— வாரும் பாய், வாரும்! நல்ல நேரத்துல வந்தீரு. என்ன வெசயம்?

— நெஞ்சுல கட்டுற பெல்ட்டைக் காணோம். பெட்டி வந்துச்சு, குழாய் வந்துச்சு, பெல்ட்டு மட்டும் வரல. அடுத்த ஆளுக்கு மாட்டணும்னு டாக்டர் காலையில இருந்து என்னையப் பிடிச்சுக் கத்துறாரு. ஜும்ஆ தொழுதுட்டு இன்னும் சாப்பிடக்கூட இல்ல, நேரா ஓடி வர்றேன்.

— நீலக் கலருல, ஒட்டற மாதிரி இருக்குமே, அதுங்களா?

— அதேதான் தம்பி.

— அட சாமி! கட்டிலுக்கு அடியில கெடந்துச்சுங். என்னமோ வாருன்னு நெனச்சு என்ற பொட்டியில கட்டிப்போட்டேன். இருங், அவுத்துத் தர்றேன்.

— பாத்தீரா பாய், திருட்டுப் பய. என் நெஞ்சுல கட்டுனத அவன் பெட்டியில கட்டிருக்கான். அது கெடக்கட்டும், இவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவும். எனக்கு நோவு இருக்கா, இல்லயா?

— இல்லப்பா. மாஷா அல்லா, எனக்கே ஆச்சரியம்தான். ஒங்க கழுத்தையும் தொப்பையையும் பார்த்துட்டு இந்த ஆளுக்குக் கண்டிப்பா இருக்கும்னு நெனச்சேன். டாக்டரே ரெண்டு தடவ பார்த்தாரு. மூச்சுக் கோடு கீழ வருது, கீழ வருது, இப்ப நிக்கப் போகுதுன்னு பார்த்தா டக்குன்னு மேல ஏறிருது. ராத்திரி முச்சூடும் அப்படித்தான்.

— அது நான் ஒதச்சதுங்.

— என்னது?

— கோடு மேல ஏறுதுன்னு சொன்னீங்கல்ல, அது நான் கம்பியில ஒதச்சதுங். ஒதச்சா அவருக்கு மூச்சு வரும்.

— ஏல, வாய மூடு.

— டெஸ்ட்டு அன்னைக்குமா ஒதச்சீங்க? தம்பி, ஒங்களுக்கு மூளை இருக்கா? யாரும் தொடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன்!

— குழாயத் தொடக் கூடாதுன்னு சொன்னீங். நான் குழாயத் தொடலையே. சும்மாவே நின்னு போற மூச்சு, நீங்க வேற மூக்குல குழாயச் சொருகி, நெஞ்ச இழுத்துக் கட்டிப்போட்டுப் போயிட்டீங்க. அது வேற அடச்சுக்கிட்டா மனுசன் பொக்குனு போயிருவாரேன்னு எனக்கு பயமாப் போச்சுங். மத்த நாளு அசந்து ஒறங்கி நாலு தரம் விட்டுப் போனாலும் போகும். அன்னைக்கு ஒரு பொட்டுக் கண்ண மூடலீங். காலக் கம்பி மேலயே வெச்சுட்டுப் படுத்திருந்தேன். சத்தம் கொறஞ்சாலே ஒதைதான்.

— சுப்ஹானல்லாஹ்! அப்ப நாங்க அளந்தது இவரு மூச்ச இல்ல, ஒங்க கால! மூச்சு கொஞ்ச நேரம் நின்னாத்தானே அந்த மிசினு அதக் கணக்குல எடுக்கும்? அதுக்குள்ள நீங்க எழுப்பி விட்டுட்டா அது நல்ல மூச்சுன்னு எழுதிக்கிடும். ஒரு ஆளு ராத்திரி முச்சூடும் முழிச்சிருந்து ஒதைப்பான்னு எந்த டாக்டரு கண்டாரு?

— பாய், பெல்ட்டு கெடச்சிட்டுல்லா? கெளம்பும்.

— எங்க கெளம்புறது? இத டாக்டர்கிட்ட சொல்ல வேணாமா? திரும்ப டெஸ்ட்டு எடுக்கணும்ப்பா. இந்தத் தடவ கேம்புல இல்ல, கிளினிக்குலயே படுக்க வைக்கணும்.

— ஒரு டெஸ்ட்டுதாம்வே. பாஸ்னா பாஸ்தான். ஒம்ம வேல முடிஞ்சு போச்சு. இவன் ஏதோ எரிச்சல்ல ஒளறுதான், அதக் கேட்டுக்கிட்டு நீரும் ஆடாதேயும்.

— நான் சொல்றதக் கேளுங்க. ஒங்களுக்குத் தூக்கத்துல தொண்டை உள்ள மூடிக்கிருது, அவ்வளவுதான். அதுக்கு மருந்து கூட இல்ல. ஒரு சின்னப் பெட்டி, மூக்குல ஒரு மாஸ்க்கு. ராத்திரி பூரா காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், தொண்டை மூடாது. பழகுறது கொஞ்சம் கஷ்டம்தான், இல்லைங்கல. ஆனா பழகிட்டா பகல்ல கண்ணு சொக்காது, தல வலிக்காது.

— அத மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டலாமா?

— ராத்திரிதான் மாட்டணும். தெளிஞ்ச பொறவு டாக்டரு எழுதிக் குடுப்பாரு, ஓட்டலாம்.

— அது வரைக்கும்?

— அது வரைக்கும் டம்பரத் தொடக் கூடாது.

— அது வரைக்கும் கம்பெனி என்னைய வச்சுக்கிடுமா? சொல்லும்.

— அத நான் எப்படிப்பா சொல்றது? வேற வேல குடுக்கலாம். குடுக்காமயும் இருக்கலாம். கம்பெனியத்தான் கேக்கணும்.

— பாத்தீரா! வந்துட்டீருல்லா வழிக்கு! ருவைஸ்ல எங்க மச்சினன் இருந்தான். நெஞ்சு எக்ஸ்ரேல ஒரு புள்ளி. இருமல் கூட கெடையாது அவனுக்கு. என்ன ஏதுன்னு ஒரு நாதி கேக்கல, கலாஸ், முடிஞ்சுதுன்னு ஏர்போட்டுல கொண்டுபோயி எறக்கிட்டானுவ. இந்த நாட்டுல மெடிக்கல்ல அன்பிட்டுன்னா வேற பேச்சு உண்டாவே?

— அது விசா மெடிக்கல்ப்பா. இது அது இல்ல. வல்லாஹி, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

— மெடிக்கல்னா மெடிக்கல்தான். நீரு வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு ஆயிரம் சொல்லுவீரு. நான் இங்க வந்தப்ப அந்த மலைல வெறுங்கையில கல்லுப் பெறக்குனவன். அரபிகிட்டயும் பாகிஸ்தானிகிட்டயும் ஏச்சு வாங்கி, திரும்பத் திரும்பப் பெயிலாயி, கடைசில ஹெவி லைசென்சு வாங்குனேன். எங்க ஊர்ல இருந்து வந்தவன்ல எவனும் வாங்கல. அத எறக்கி வச்சுட்டுத் திரும்பவும் வெயில்ல சட்டி தூக்கவா? அதுக்கு நான் தூக்கத்துலயே போயிருதேன்.

— இப்படிப் பேசுனா நான் என்னத்தச் சொல்ல? பாருங்க, நீங்களாப் போயிச் சொன்னா ஒங்களுக்கு நல்லது. நான் சொன்னா, நீங்க தெரிஞ்சே மறைச்சதா ஆகிப்போகும். மெஸ்ஸுல ஒரு கை சோறு இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. வந்ததும் டாக்டருக்குப் போன் போட்டுருவேன், ஆமா.

— பாய்! வே! மஹ்மூது பாய்! ... போயிட்டான். ஏல சண்டாளா, பெத்த தாய் மேல சத்தியமாச் சொல்லுதேன், நீ வெளங்க மாட்ட. முடிஞ்சு போன வெசயத்தத் தோண்டி எடுத்துட்டியேல!

— முடியலீங்ண்ணா. நாளைக்கு நீங்க வண்டி எடுத்தாத்தான் முடியும்.

— ஜெபல் அலி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கான். பெட்டியத் தூக்கு.

— தூக்க முடியாதுங். பெல்ட்டை வேற அவுத்தாச்சு.

— கயிறு தாரேன், கட்டு. எந்திரில! போயி வண்டியில ஏறு!

— ஏற மாட்டேன். நேரா விஜயபாஸ்கர் சாருகிட்டப் போறேன். நான் ஒதச்சதுனாலதான் டெஸ்ட்டு நல்லா வந்துச்சு, நான் போயிட்டா இந்தாளு செத்துருவாருன்னு சொல்லப் போறேன்.

— நான் செத்தா ஒனக்கென்னல? நீ எனக்குக் கொள்ளி வைக்கப் போறியா? அண்ணனா, தம்பியா, மாமனா, மச்சானா? சாதி சனமா? ஒரு ரூம்ல படுத்தோம், ஒரு சட்டில தின்னோம், அம்புட்டுத்தான். போல, போயித் தொல!

— ஏனுங் இப்படித் தொரத்தறீங்க? எனக்கு அதுதாங் புரியல. ஒதைக்கறேன்னா கட்டில இழுத்து அந்தச் செவுத்தோரம் போட்டிருக்கலாம். வேற ரூமு கேட்டிருக்கலாம். பக்கத்துலயே மூணு ரூமு காலியாக் கெடக்குது. அத வுட்டுப்போட்டு என்னய வேற கேம்புக்கே, வேற வேலைக்கே மாத்தி உடச் சொல்லி ஆபீசுல நின்னு கெஞ்சியிருக்கறீங்க. நான் உங்குளுக்கு அப்படி என்ன பாவம் பண்ணிப்போட்டேன்?

— ஒன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல. போதுமா?

— போதாதுங்.

— ஏறுல வண்டியில! ஒன் காலுல விழட்டுமா? நாளைக்கு நீ அந்தக் கிரஷர் வாயில நிக்கக் கூடாதுல, அவ்வளவுதான்! நிக்கக் கூடாது!

— ...என்னங் சொல்றீங்க?

— பிரேக்கு இல்லல.

— அண்ணா...

— பிரேக்கு இல்ல. போதுமா? நான் முழிச்சுப் பாக்கேன், கண்ணாடியில ஒன் மஞ்சத் தொப்பி பறக்கு. அதுக்கு முன்னால எம்புட்டு நேரம் தூங்குனேன்னு எனக்கே தெரியாது. ரிவர்ஸ் போட்டது நெனப்பு இல்ல. விசில் கேட்டது நெனப்பு இல்ல. அன்னைக்குச் சாயந்திரம் நீ வந்து பக்கத்துல உக்காந்து சோறு திங்க, நான் என் தட்டத் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டேன். பெறவு பச்ச மொளகாயக் கடவாய்ல அடக்கிக்கிட்டு ஓட்டிப் பாத்தேன். பாலில்லாத சுலைமானி டீயாக் குடிச்சே வயிறு புண்ணாப் போச்சு. கன்னத்துல அறஞ்சுக்கிட்டே எறங்கிப் பாத்தேன். ஒண்ணுக்கும் தூக்கம் நிக்கல. கண்ணு அது பாட்டுக்கு மூடுது. வண்டிய விட்டா எனக்குப் பொழப்பு இல்ல. ஒன்னையாவது அந்த எடத்த விட்டு நகத்திருவோம்னு பாத்தேன். சும்மா கேட்டா மாத்துவானுவளா? அதான் ஒதைக்கான், தூங்க விட மாட்டேங்கான்னு போயி அழுதேன். ஒன்னைய ஏசுனேன், ரூம்ல அத்தன பேரு முன்னால நாறடிச்சேன். நீயா வெறுத்துப்போயிக் கெளம்பிருவன்னு நெனச்சேன். கெளம்ப மாட்டேங்கியேல, பாவி!

— அப்ப நாளைக்கு என்ற எடத்துல விசிலோட நிக்கறது ஆருங்?

— ஒரு பெங்காலி வாரான், புதுசு. அவன் பேரு கூட எனக்குத் தெரியாது.

— பேரு தெரியலைன்னா வண்டிய மேல ஏத்திப்போடலாங்களாண்ணா?